நூறோடு நிறுத்திய கணக்கு

எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்கும் அந்த அம்மாளுக்கு எண்களை உடைக்கிற பைத்தியம் புருஷனிடமிருந்து தொற்றியது. அவர் லேத் பட்டறையில் கியர் வெட்டியவர். கியரின் பல் கணக்கு சரியாக வர, எந்த எண் எதனால் மீதியில்லாமல் வகுபடும் என்று பார்ப்பது அவர் தொழில். அது போதாதென்று பஸ் நம்பர், கரண்ட் மீட்டர் எதையும் சும்மா விடமாட்டார். எதனாலும் வகுபடாத எண் வந்தால் "இது கல்லு" என்பார். கல்யாணமான புதிதில் அவள் தலையில் அடித்துக்கொண்டதுண்டு. பிறகு அவளே தினமும் ஒரு சீட்டு எண்ணை வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தாள்.

பக்கவாதம் வந்தபின் அவர் வாயில் வருவதெல்லாம் எண்தான். பசித்தாலும் எண், முதுகு அரித்தாலும் எண். "அவருக்கு ஒண்ணும் புரியலம்மா, வாய் பாட்டுக்கு வருது," என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவரைத் தூக்கி, புரட்டி, துடைத்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று.

"காப்பகத்துல இடம் சொல்லிட்டேன் அண்ணி. அண்ணனுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். நாளைக்குக் காலைல வண்டியோட வர்றேன்," என்றான் கொழுந்தன், கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு. அவள் மறுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது.

அன்றைக்கும் வழக்கம்போல வேலைக்குப் போனாள். மதியம் கிழித்த ஒரு சீட்டின் எண் 10403. பழக்கதோஷம், லாரி வராத நேரத்தில் கால்குலேட்டரில் உடைத்துப் பார்த்தாள். மூன்று, ஏழு, பதினொன்று என்று ஏறித் தொண்ணூற்றேழு வரை போனாள். எதற்கும் மசியவில்லை. நூறு வந்தாயிற்று, இதற்கு மேல் யாரால் முடியும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் அவருக்குச் சோறு ஊட்டும்போது சொன்னாள்: "கடைசியா ஒரு நம்பர் கேட்டுக்கோங்க. பத்தாயிரத்து நானூத்தி மூணு. உடையலைங்க. கல்லுதான்."

அவர் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "நூத்தியொண்ணு," என்றார்.

"சரி, சரி," என்று வாயைத் துடைத்துவிட்டாள்.

அவர் சட்டைகளை மடித்துப் பையில் வைக்கும்போதுதான் உறைத்தது. நூற்றொன்றைத் தன்னாலேயே பெருக்கினாலும் அந்த எண்ணைத் தாண்டாது. தன்னாலேயே பெருக்கினால் தாண்டிப்போகிற எண் வரும்வரை விடக்கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி அதையும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். போனை எடுத்து வகுத்தாள். மீதி இல்லை. விடையை அவரிடம் காட்டாமல் கேட்டாள்:

"கூட எதுங்க?"

"நூத்தி மூணு."

போனிலும் அதுதான் இருந்தது. அப்படியானால் இத்தனை நாளும் மனுஷன் உள்ளேதான் இருந்திருக்கிறார். கொழுந்தன் பேசியதையும், அவள் பேசாமல் நின்றதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார்.

கொழுந்தனைப் போனில் கூப்பிட்டாள். "வண்டி வேண்டாம்பா. அவருக்குப் புரியுது."

கட்டிலோரம் உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அழுகைதான் வந்தது.

"ஒரு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதாங்க? நான் கொஞ்சம் தூங்கியிருப்பேனே."

அவர் கண் ஓரத்திலும் ஈரம் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்துப் புரட்டினாள்.