இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தியம்

எனக்கு வாய் நீளம். கோபமும் கெதியா வரும். ரெண்டும் ஒரே நேரத்திலை வந்ததாலைதான் இந்த மாநகரசபைத் தேர்தலிலை நான் ஆப்பிழுத்த குரங்கு மாதிரி மாட்டுப்பட்டன். ஆப்பை இழுத்ததும் நான்தான் எண்டபடியால் ஆரையும் பேச ஏலாது. எண்டாலும் பேசுவன்.

பாரிசிலை லூயி-பிளாங் தெருவிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை எனக்குச் சமையல் வேலை. ரோல்ஸ், கொத்து, சனி ஞாயிறிலை ஆட்டுக்கறி. முதலாளியை அண்ணை எண்டுதான் கூப்பிடுறது. நான் இந்த ஊருக்கு வந்து, குளிரிலை எங்கை போறதெண்டு தெரியாமல் நிண்டபோது வேலையும் தந்து, படுக்க இடமும் தந்த மனுசன். அந்த நன்றி எனக்கு இண்டைக்கும் இருக்கு.

தேர்தல் கிட்டக் கிட்ட, வேட்பாளர்மார் எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லா சப்பலுக்கு வரத் தொடங்கிச்சினம். எப்பவும் ஞாயிற்றுக்கிழமையிலைதான் வருவினம். ஞாயிறு எண்டால் எங்கட தெருவிலை எள்ளுப் போட்டால் எள்ளு விழாது. அதைப் பாத்திட்டு, ஆகா, இவ்வளவு வோட்டோ எண்டு நினைக்கிறது. அட விசரங்களே! அதிலை கனபேருக்குப் பிரெஞ்சுப் பிரஜாவுரிமையே இல்லை. மற்றதுகள் நகரத்துக்கு வெளியிலை லா கூர்னெவ்விலையும் லெ பிளாங்-மெனிலிலையும் இருந்து முருங்கைக்காய் வாங்க வந்ததுகள். அதுகளின்ர வோட் அங்கை. இந்த வட்டாரத்திலையே குடியிருந்து, இஞ்சை வோட்டும் பதிஞ்சு வைச்சிருக்கிற தமிழர் எண்டு பாத்தால், எங்கட வீடும் அண்ணையின்ர வீடும் இன்னும் கொஞ்சப் பேரும்தான்.

இது அண்ணைக்கும் வடிவாத் தெரியும். தெரிஞ்சுகொண்டே ஒரு கட்சித் தலைவரிட்டை, தமிழ் வோட்டெல்லாம் என்ர கையிலை எண்டு சொல்லிப்போட்டார்.

அந்தத் தலைவர் ஒரு ஞாயிறு மத்தியானம் கடைக்கு வந்தார். நல்ல உயரமான வெள்ளைக்காரன். ரோல்ஸைக் கடிச்சிட்டு, உறைப்பிலை கண்ணாலை தண்ணி ஓட, "த்ரே போன், த்ரே போன்", நல்ல ருசி எண்டு கொண்டு நிண்டார். அண்ணை குசினிக்குள்ளை நிண்ட எங்களைக் கூப்பிட்டு வரிசையா நிப்பாட்டினார், பொம்பிளை பாக்க வந்த ஆக்களுக்குக் காட்டிற மாதிரி. "இந்தத் தம்பிக்கு வோட் இருக்கு" எண்டு என்ர தோளிலை தட்டினார்.

கொத்து ரொட்டி போடுறவனுக்கும் எனக்கும் எப்பவும் கொழுவல். அவன் சும்மா இருக்காமல், "வோட் இருக்கு, ஆனால் இந்தாள் கடைசி நேரத்திலை மாறிப்போடுவார். இவருக்கு வீட்டிலை மனுசி சொல்லிறதுதான் சட்டம்" எண்டான். எல்லாரும் சிரிச்சாங்கள். அந்த வெள்ளைக்காரனும் ஒண்டும் விளங்காமலே சிரிச்சான்.

எனக்கு உச்சியிலை ஏறிச்சுது. "ஆரடா மாறுறது? என்ர மகள் மேலை ஆணை, அவளின்ர தலை மேலை ஆணை, ரெண்டு பெட்டியிலையும் அண்ணை சொல்லிற ஆளுக்குத்தான் என்ர வோட்!" எண்டு கத்திப்போட்டன்.

ரெண்டு பெட்டி எண்டது, இந்தமுறை பாரிசிலை வட்டாரத்துக்கு ஒண்டு, முழு நகரத்துக்கும் ஒண்டு எண்டு ரெண்டு வோட் போட வேணும். ஒரு பெட்டியை எண்டாலும் நான் விட்டு வைச்சிருக்கலாம். எங்கை! நுணலும் தன் வாயாலை கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? அண்ணை உடனை அதைப் பிரெஞ்சிலை சொல்லிக் காட்ட, அந்த மனுசன் நெஞ்சிலை கை வைச்சு எனக்குத் தலை குனிஞ்சார்.

எனக்கு ஒரே ஒரு பிள்ளை, மகள். இஞ்சை பிறந்தவள். மெட்ரோப் பாலத்துக்குக் கிட்ட ஒரு மருந்துக்கடையிலை வேலை செய்யிறாள். எங்கட சனம் டாக்குத்தர் எழுதின துண்டைக் கொண்டுபோய் அவளிட்டைத்தான் நீட்டும். காலமை எத்தினை, பின்னேரம் எத்தினை எண்டு தன்ர பிரெஞ்சுத் தமிழிலை விளங்கப்படுத்துவாள். அடுத்த கிழமை ஒரு நாள், சாப்பிட்டுக் கொண்டு இருக்கேக்கை, "அப்பா, நான் தேர்தலிலை நிக்கிறன்" எண்டாள்.

"எந்தப் பக்கம்?"

சொன்னாள். அண்ணையின்ர ஆளுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

"நாளைக்கே விலத்து."

"ஏலாது. கட்சியின்ர வேட்பாளர் பட்டியல் குடுத்தாச்சு. குடுத்த பிறகு ஒராள் தனிய விலத்த ஏலாது. சட்டம்."

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் கடையிலை போய்க் கதைப்பியள்."

அவள் தட்டைத் தள்ளி வைச்சிட்டுச் சொன்னாள்: "நான் வெல்ல மாட்டன் அப்பா. பட்டியலிலை நல்லாக் கீழை இருக்கிறன். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டித்தான் வோட் கேக்கிறன். உங்கட கதவை மட்டும் தட்டத் தேவையில்லை எண்டு நினைச்சன். நீங்கள் போட்டால் எனக்குக் காணும்."

அப்பதான் நான் சத்தியத்தைச் சொன்னன். அவள் முதல்லை சிரிச்சாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. உது விசர் வேலை, உதுகளை நான் நம்பிறேல்லை எண்டு பிரெஞ்சிலை பொரிஞ்சு தள்ளினாள்.

"நீ நம்பாட்டில் என்ன, தலை உன்ரதானே!" எண்டன்.

சிரிப்பு நிண்டிட்டுது. "அப்ப எனக்குப் போட மாட்டியள்" எண்டு தமிழிலை கேட்டாள். நான் வாயைத் திறக்கேல்லை. வேண்டாத இடத்திலை திறக்கிற வாய், வேண்டிய இடத்திலை திறக்காது. அவள் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

என்ர மனுசி விட்டாவே? "இஞ்சருங்கோ, பிள்ளையின்ர தலையை வைச்சே வீரம் கதைக்கிறது? சரி, ஒரு பெட்டியிலை அவருக்குப் போடுங்கோ, மற்றதிலை பிள்ளைக்குப் போடுங்கோவன்."

"ரெண்டு பெட்டியும் எண்டெல்லே சொல்லிப்போட்டன்."

மனுசி தலையிலை அடிச்சா. தன்ர தலையிலைதான்.

இதை வாசிக்கிற ஆக்கள் சிரிப்பியள். சிரியுங்கோ. நானும் கோயிலுக்கு நாள் தவறாமல் போற ஆள் இல்லை. ஆனால் அண்டையிலையிருந்து அவள் சைக்கிளை எடுத்தால் நான் யன்னலாலை எட்டிப் பாத்துக்கொண்டு நிப்பன். பாலத்துக்குக் கீழாலை பஸ்ஸும் லொறியும் உரசிக்கொண்டு போற றோட் அது. பொறுக்க ஏலாமல் ஒரு நாள், "சைக்கிளை விட்டிட்டு நடந்து போவன்" எண்டன். என்னை முறைச்சுப் பாத்திட்டு ஏறிப் போனாள். சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு என்ன வருமோ எண்டு பயம். மீறாட்டில் அந்த முகத்தை எப்பிடிப் பாக்கிறது எண்டு பயம். நித்திரையே போச்சுது.

எங்கட வழக்கத்திலை ஒரு வழி இருக்கு. ஆருக்குச் சத்தியம் செய்தமோ, அவர் மனம் வைச்சு எங்களை அதிலையிருந்து விட்டால் விட்டதுதான். அதை நம்பி ஒரு காலமை, கடை திறக்க முதல், அண்ணையிட்டைப் போனன்.

"அண்ணை, அந்தச் சத்தியத்தை விட்டுவிடுங்கோ. பிள்ளை மற்றப் பக்கத்திலை நிக்கிறாள்."

"ஓம், கேள்விப்பட்டனான். கெட்டிக்காரப் பிள்ளை" எண்டு சிரிச்சார். பேந்து மேசையைத் துடைச்சுக் கொண்டே, "நான் உம்மட்டைச் சத்தியம் கேட்டனானே தம்பி? நீரா எல்லே செய்தனீர். வாங்காத சாமானை நான் எப்பிடித் திருப்பித் தாறது?" எண்டார்.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ."

"அந்த மனுசனும் உம்மை மறக்கேல்லை. காணிற நேரமெல்லாம் உம்மைத்தான் விசாரிக்கிறார்" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கை போயிட்டார். அங்காலை போகவும் வழியில்லை, இங்காலை வரவும் வழியில்லை. அண்டைக்கு வெங்காயம் வெட்டினது நல்லதாப் போச்சு. ஏன் அழுறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

தேர்தல் நாள் வந்தது. வோட் போடுற இடம் மகள் சின்னனிலை படிச்ச பள்ளிக்கூடம்தான். மனுசி முதல் போய், போன கையோடை பிள்ளைக்குப் போட்டிட்டு வந்திட்டா. "நான் ஒரு சத்தியமும் செய்யேல்லைத்தானே" எண்டு எனக்கு ஒரு குத்தும் விட்டா.

உள்ளுக்கை மேசையிலை, பெயர் பாத்துக் கையெழுத்து வாங்கிற இடத்திலை என்ர மகள் இருந்தாள். தன்ர பக்கத்தின்ர பிரதிநிதியா இருத்தியிருக்கினம். தலையை நிமிர்த்தாமல் இருந்தாள். இஞ்சை கட்சிக்கு ஒரு தாள், விரும்பின தாளை உறைக்குள்ளை வைச்சுப் பெட்டியிலை போடுறது. நான் எல்லாக் கட்சித் தாளையும் ரெண்டு உறையையும் எடுத்துக்கொண்டு திரைக்குள்ளை போய் நிண்டன்.

அவளின்ர பட்டியலை விரிச்சன். கீழை, நல்லாக் கீழை, அவளின்ர பேர் இருந்தது. இஞ்சத்தை வழக்கப்படி என்ர பேர்தான் அவளுக்குக் குடும்பப்பேர். பிரெஞ்சுத் தேர்தல் தாளிலை என்ர பேரை வோட்டுக்கு அச்சடிச்சிருக்கு! என்ர அப்பனே பிள்ளையாரே, இதுக்கு எதிராவோ நான் போடப் போறன்? வெளியிலை ஆரோ செருமிச்சினம். நான் அசையேல்லை. வோட் கிடைக்காட்டில் பிள்ளை அழுவாள், பேந்து ஆறுவாள். பிள்ளைக்கு ஒண்டு எண்டால் நான் ஆறுவனோ? அதுதான் கணக்கு. ரெண்டு உறைக்குள்ளையும் அண்ணையின்ர ஆளின்ர தாளை வைச்சன். மற்றத் தாள்களைக் கசக்கிக் கூடைக்குள்ளை போட்டன். அவளின்ரதையும்தான்.

பெட்டியைத் திறந்து, "ஆ வொத்தே!" எண்டு அதிகாரி கத்தினார், இவர் வோட் போட்டிட்டார் எண்டு. மற்றப் பெட்டிக்கும் அப்பிடியே கத்தினார். மகள் பேனையை நீட்டினாள். வாங்கிக் கையெழுத்துப் போட்டன்.

வெளி முற்றத்திலை அண்ணை வெயிலிலை நிண்டார். எனக்கு முதலே வந்து போட்டிட்டாராம். கிட்ட வந்து, குரலைத் தணிச்சு, "என்ன, பிள்ளைக்குத்தானே போட்டனீர்?" எண்டு கண்ணடிச்சார்.

"நான் சத்தியம் செய்தனான் அண்ணை."

"அதுக்கு?"

"ரெண்டு பெட்டியிலையும் உங்கட ஆளுக்குத்தான் போட்டன்."

அண்ணையின்ர வாய் திறந்தபடி நிண்டுது. "விசரே உமக்கு? பெத்த தேப்பன் பிள்ளைக்குப் போடாமல் விடுவானோ எண்டு நினைச்செல்லே நான் பகிடி விட்டனான். எங்கட பிள்ளை நிக்கேக்கை வேறை ஆருக்குப் போடுறது? நானே அவளுக்குத்தான் போட்டன்!"

"நீங்கள் அந்த மனுசனுக்கு வாக்குக் குடுத்தனீங்கள்..."

"நான் என்ன சத்தியமே செய்தனான்? உய் முசியே, ஓம் ஐயா எண்டு சொன்னனான். அவ்வளவுதான்."

ஒரு அறை குடுத்திருப்பன், கை எழும்பேல்லை. அந்த நேரம் பாத்து மகள் வெளியிலை வந்தாள். அவளைக் கண்டதும் அண்ணை தலையைக் குனிஞ்சு கொண்டு படலைப் பக்கம் போயிட்டார்.

அவள் நேரே வந்து என்னைக் கட்டிப் பிடிச்சாள். சின்னப்பிள்ளைக்குப் பிறகு அவள் அப்பிடிக் கட்டிப் பிடிச்சதில்லை. "மெர்சி அப்பா" எண்டு நன்றி சொன்னாள். "நீங்கள் திரைக்குள்ளை அவ்வளவு நேரம் நிண்டனீங்கள். உங்களுக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும் எண்டு எனக்கு விளங்கினது. பயத்தை விட்டிட்டு எனக்குப் போட்டியளே."

நான் உண்மையைச் சொல்லேல்லை. அவளின்ர தலை என்ர நெஞ்சிலை கிடந்தது. நல்ல சுகமான தலை, ஒரு கீறல்கூட இல்லை. அதிலை கையை வைக்க எனக்குத் துணிவு வரேல்லை.