கோவிந்தன் துடைத்த சுவர்

கோவிந்தன் போய்விட்டான்...

நேற்று விடியற்காலை, நாகலூரில், அதே எஸ்டேட் லயன் வீட்டில். மூச்சு விட முடியாமல்.

இருபத்தாறு வருடம் அவனும் நானும் பல்பர் ஷெட்டில் காப்பிப் பழம் உரித்தோம். லயன் என்றால் எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள். அதில் அவன் வீடும் என் வீடும் ஒட்டி இருக்கும், நடுவில் ஒரே சுவர். அவன் மனைவி வெள்ளையம்மா என்னை அண்ணா என்பாள், அதனால் அவனுக்கு நான் மாமா.

இந்தப் போஸ்ட்டை மதியத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுத்து வந்ததே அறுபத்தெட்டு வயதில்தான்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடந்தது. 'அ' போட வந்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்... கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை.

எழுதிப் பழக நோட்டு எடுத்தால் ஈரத்தில் நமுத்துப் போகும். மலையில் ஆடி பிறந்துவிட்டால் தீப்பெட்டிகூடப் பற்றாது.

கோவிந்தன்தான் வழி சொன்னான். "நோட்டு எதுக்குங்க மாமா? இத்தாம்பெரிய சிலேட்டு நம்மூட்டுலயே நிக்குதே!"

சுவரைத்தான் சொன்னான். வருடா வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் எல்லோரும் சுண்ணாம்பு அடிப்போம். இரண்டு மழை பெய்தால் போதும், தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கருப்பாகப் பூசணம் ஏறிவிடும். அதில் விரலால் இழுத்தால் வெள்ளையாகக் கோடு விழும்.

நான் எழுதுவேன். அவன் பழைய சாக்கை வைத்துப் பரபரவென்று துடைப்பான். துடைத்த இடம் பத்து நாளில் மறுபடியும் கருத்து, அடுத்த பாடத்துக்குத் தயாராகிவிடும்!

"நீயும் கத்துக்கடா மாப்ளே."

"ஒருத்தர் எழுதோணும், ஒருத்தர் அழிக்கோணுமுங்க. ரெண்டு பேரும் எழுதுனா சுவரு பத்துமா?"

ஒரு நாள் அவன் பெயரை எழுதிக் காட்டினேன். கிட்டே போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதாங்களா நானு? இத்தன கொக்கி போட்டிருக்கறீங்க... நான் நொம்ப சிக்கலான ஆளுதேன் போல."

அதை மட்டும் அவன் துடைக்கவில்லை. அடுத்த மழைக்குப் பூசணமே மூடிவிட்டது.

அப்படி மூன்று மழைக்காலம். பிறகுதான் எனக்கு இருமல். சாயங்காலமானால் காய்ச்சல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. சேலத்தில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தால் குறையும், மலைக்கு வந்தால் பிடித்துக்கொள்ளும். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்றுதான் டூரிஸ்ட்டெல்லாம் வருகிறார்கள்... எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

கடைசியில் சேலத்து டாக்டர்தான் வீட்டுச் சுவரைப் பற்றிக் கேட்டார். நான் பெருமையாக எல்லாம் சொன்னேன்... எழுதியது, துடைத்தது எல்லாம்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, அது பூஞ்சைங்க. அந்தத் தூளத்தான் தினமும் மூச்சுல இழுத்திருக்கீங்க. நுரையீரல் தழும்பாயிருச்சு. இனி அந்த வீட்டுக்குள்ள காலே வைக்கக்கூடாது."

கோவிந்தனிடம் சொன்னேன். சிரித்தான். "மாமா படிச்சதெல்லாம் நெஞ்சுலயே தங்கிருச்சுங்குறாரு டாக்டரு." சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவனுக்கும் எடுத்துப் பார்த்தோம், அதே எக்ஸ்ரேதான்.

நான் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் வரவில்லை. வெள்ளையம்மா இன்னும் எஸ்டேட் வேலைக்குப் போகிறாள், வேலை இருந்தால்தான் லயன் வீடு. இவளுக்கு வேலை முடியட்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னான்.

எனக்கு இப்போது மாத்திரை, இன்ஹேலர். குளித்துவிட்டு வந்தால் கால் மணி நேரம் உட்கார வேண்டும். சட்டைப் பொத்தான் போடவும் மூச்சு வாங்குகிறது. அலுப்பாக இருக்கிறது...

தூள் அதிகம் பறந்தது துடைத்தவன் பக்கம்தான். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. எனக்கே தெரிகிறது.

நேற்று மகள் தடுத்தும் கேட்காமல் பஸ் ஏறிப் போனேன். தூறல், பனிமூட்டம். வாசலுக்கு நாலு அடி இருக்கும்போதே அந்தச் சுவர் வாடை வந்துவிட்டது, இருமலும் வந்துவிட்டது. உள்ளே அவனைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கால் மட்டும் தெரிந்தது. முகம் பார்க்க உள்ளே போக வேண்டும்...

போக முடியவில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு மழையில் நின்றேன்.

வெள்ளையம்மா உள்ளேயிருந்து பார்த்துவிட்டாள். "அண்ணா, உள்ள வராதீங்க! அங்கயே நில்லுங்க." பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம், "அவர வெளிய கொண்டாங்க சாமி."

"தூத்தல் போடுதுங்கக்கா, நனைஞ்சிருவாரு."

"நனைஞ்சா நனையட்டும். இத்தன வருசம் உள்ள காஞ்சா கெடந்தாரு?"

பெஞ்சோடு தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்கள். நல்ல காற்று. அவன் முகத்தில் தூறல் முத்து முத்தாக விழுந்தது. என் துண்டால் துடைத்தேன். மறுபடி விழுந்தது. மறுபடி துடைத்தேன்.

எடுத்த பிறகு வெள்ளையம்மாவை எங்களோடு சேலத்துக்குக் கூப்பிட்டேன். "காரியம் முடிஞ்சதும் வேலைக்குப் போவோணுமுங்கண்ணா" என்றாள். இன்றைக்கும் அந்த வீட்டில்தான் படுத்திருப்பாள்.

கோவிந்தன்.

எழுதிவிட்டேன் மாப்ளே. துடைக்க வேண்டாம்.