இடப்பக்கக் கதவின் நிக்கல் பட்டி

எங்கள் பிக்கப் என் கலியாணத்துக்கு முன்பே பழசு. கல்முனையில் கடலுக்குப் பக்கத்தில் நின்று நின்று உப்புக்காற்றுக் குடித்த வண்டி. எங்கே தட்டினாலும் துரு கொட்டும். ஆனால் இரண்டு கதவுகளுக்கும் மேலே, கூரையின் விளிம்போடு ஓடிய நிக்கல் பட்டிகள் மட்டும் புதுசு மாதிரி மின்னும். வெள்ளிக்கிழமைகளில் அவற்றைத் துடைத்துவிட்டுத்தான் ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போவேன். "சக்களத்தி ரெண்டு பேரும் மினுங்கிட்டாங்களா?" என்று மனைவி கேட்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இடப்பக்கத்துப் பட்டி கழன்று தொங்க ஆரம்பித்தது. நான் ஏறுகிற வலப்பக்கம் சிக்கென்று இருந்தது. இடப்பக்கம்தான் அடிக்கடி வாயைப் பிளந்தது. முதலில் குறட்டால் நெரித்து அமர்த்தினேன். பிறகு பசை வைத்தேன். பிறகு சின்னத் திருகாணிகள் போட்டேன். மனைவியின் தாயான மாமியின் வயலுக்கு ஒருமுறை போய்வந்தால் போதும், மறுபடி தொங்கும். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். நெல் மூட்டை ஏற்றுகிறவர்களை ஏசினேன். அவர்கள் பின்பக்கம் ஏற்றுகிறவர்கள், கதவுப்பக்கம் வருவதே இல்லை என்பது ஏசி முடித்த பிறகுதான் உறைத்தது. கடைசியில் மனைவியிடம் வந்தேன்.

"நான்தான். ஏறக்குள்ள கை பட்டிட்டு," என்றாள்.

"கை பட்டாத் திருகாணி கழருமா? நீ என்ன பயில்வானா?"

"ஓம், பயில்வான்தான். விடுங்களன்."

மாமியின் வயல் சவளக்கடைப் பக்கம் இருந்தது. வட்டை என்போம் நாங்கள். அவருக்குச் சீதனமாக வந்த காணி. மாமா மௌத்தாகி மாமி விதவையான பிறகு அந்தக் காணிதான் அவருக்கு மூச்சு. மற்ற நாட்களில் வாசலைத் தாண்டாத மனுஷி, நெல் அறுக்கும் வெள்ளாமை வெட்டு வந்துவிட்டால் விடியக்காலை ஸுபஹ் தொழுத கையோடு உடுத்துக்கொண்டு காத்திருப்பார். வரம்பில் நின்று ஒவ்வொரு கட்டும் களத்துக்குப் போவதைப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

மாமிக்கும் எனக்கும் இடையில் பேச்சு நேராக ஓடாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடிவருவான். ஆனால் ஒரே வீட்டில் இருந்தாலும் எங்கள் மாமி மருமகன் முன்னால் வரமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, மகளுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். நானும் மனைவியைப் பார்த்து மாமிக்குப் பதில் சொல்வேன். வண்டியிலும் அதே ஒழுங்கு. மனைவி நடுவில், மாமி இடப்பக்கக் கதவோரம். அவர் ஏறும்போது நான் முகத்தை வலப்பக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்வேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகே முன்னால் பார்ப்பேன். மரியாதை அது. பக்கத்திலேயே நடந்ததை நான் பார்க்காமல் போனதும் அந்த மரியாதையால்தான்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வட்டையிலிருந்து புறப்பட்டோம். வண்டி வடக்கே பார்த்து நின்றது. வெயில் இடப்பக்கத்திலிருந்து சாய்ந்து விழுந்தது. நான் வழக்கம்போல வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுத்த வயலில் எங்கள் வண்டியின் நிழல் நீண்டு கிடந்தது. கூரையின் நிழலுக்கு மேலே முக்காடு போட்ட ஒரு தலை எழும்பியது, இறங்கியது. மறுபடி எழும்பியது, இறங்கியது. என் தலைக்கு மேலே தகரம் கிறீச்சிட்டது. "யா அல்லாஹ்" என்று மெல்லிய முனகல். பிறகு கதவு சாத்துகிற சத்தம்.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் மனைவியைப் பிடித்தேன்.

"உம்மாக்கு முழங்கால் ஏலாதா?"

அவள் கையிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். "போன வெட்டுக்கு முந்தியே ஏலாது. அந்தப் பட்டியப் பிடிச்சுத்தான் ஏறுறா. உங்களுக்குச் சொல்லவேணாமெண்டு அழுதிட்டா. தெரிஞ்சா வீட்டிலயே இருக்கச் சொல்லிடுவீங்களாம். அதுக்கு மறுகா வட்டையைக் காணக் கிடைக்காதாம்."

மாமி பயந்ததில் பிழையில்லை. நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன், அதுவும் பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில்.

ஏறுவதற்கு ஒரு பலகைப்படி செய்து வைக்கலாம் என்று யோசித்தேன். ஆனால் வெட்டுக்காரர்களுக்கு நடுவே படி போட்டு ஏறினால் மாமியின் முழங்கால் ஊர்க்கதையாகிவிடும். பட்டி என்றால் யார் கண்ணுக்கும் படாது.

மறுநாள் என் கடையைத் திறக்கவில்லை. பட்டியை முழுதாகக் கழற்றி, அடியிலிருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன். தகரம் அரித்த இடத்தில் திருகாணி பிடிக்காது. அதனால் கூரையின் உட்பக்கம் ஒரு பட்டை இரும்பு வைத்து, பட்டி, தகரம், இரும்பு மூன்றையும் சேர்த்துத் துளைத்தேன். துடைத்துத் துடைத்துப் பார்த்த நிக்கலில் ட்ரில் இறங்கியபோது நெஞ்சு கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லக்கூடாது. மழை ஒழுகாமல் புட்டி அடைத்தேன். உருண்டைத் தலை போல்ட் போட்டு, வாஷர் வைத்து, நட்டை முறுக்கினேன். விரலைக் கீறாதபடி விளிம்பை அரத்தால் ராவினேன். கடைசியில் இரண்டு கையாலும் பட்டியைப் பிடித்து, காலை மடக்கித் தொங்கிப் பார்த்தேன். வண்டி சரிந்தது, பட்டி அசையவில்லை.

வாசலில் மனைவி நின்றாள். "வௌவாலுக்கு இரவுக்குச் சோறு வேணுமா, பழம் மட்டும் காணுமா?" என்றாள். சிரித்த வாய் சிரித்தபடி இருக்க, கண் மட்டும் நிறைந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்று உம்மாவிடம் சொல்லாதே என்றேன். தலையாட்டினாள்.

அடுத்த பயணத்தில் நான் வலப்பக்கமே பார்த்திருந்தேன். வண்டி ஒருமுறை இடப்பக்கம் அமுங்கி நிமிர்ந்தது. முனகல் இல்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் வண்டியை எடுத்தேன்.

அந்த வாரமே ஒரு நாள், பொழுதுபட்டு மஃரிப் தொழுத பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. மகளைக் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"இந்தா புள்ள, உன்ட மாப்பிளைக்கிட்டக் கேளு, கிணத்தடிச் செவருலயும் வண்டியில பூட்டின மாதிரி ஒண்டு பூட்ட ஏலுமா எண்டு. அங்க குந்தினா எழும்பத்தான் எனக்குப் பெரிய கஷ்டமாக் கிடக்கு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஓம் மாமி, விடிஞ்சதும் பூட்டுறன்," என்று இந்த முறை கதவைப் பார்த்தே சொன்னேன்.