மூன்று ஏரியும் ஒரு தொப்பியும்

தொலைபேசியில் கேட்டால், ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் குடியிருக்கும் யோகராசாவின் கால் படாத ஏரி நோர்வேயில் ஒன்றுகூட இல்லை. உண்மை வேறு. எண்பத்தேழில் வந்திறங்கியவர் வடகோடியில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட் ஊர்த் தொழிற்சாலையில் எட்டு வருடம் மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவில் பேருந்து ஓட்டினார். நாள் முழுக்க ஊர் சுற்றுகிற தொழில்தான், ஆனால் ஒரே தடம்.

2006 ஆனியில் மனைவி பூமணியின் தம்பி இரவீந்திரன் ரொறன்ரோவிலிருந்து வந்து, "அத்தான், நீங்கள் ரெலிபோனில அளந்த மூண்டு ஏரியையும் காட்டுங்கோ" என்றதும் யோகராசா வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார். பழைய கொரோலா மலையேறினால் கொதிக்கும். காட்டாவிட்டாலோ அவனுடைய ஒரு போன் போதும், ரொறன்ரோ முதல் பாரிஸ் வரை சொந்தபந்தம் அவர் மானத்தைக் கடலை மாதிரிக் கொறிக்கும்.

சில்லுக்கடியில் வைத்த தேசிக்காயை நசித்துக் கார் புறப்பட்டது. பூமணியின் மடியில் ஒஸ்லோ குறொன்லாண்டுக் கடையில் வாங்கி மஞ்சள் பூசிய மூன்று தேங்காய். புதுத் தண்ணீரைக் கண்டால் கரையில் ஒன்று அடிக்காமல் அவள் கால் நனைக்கமாட்டாள்.

முதலில் தீரிபியோர்ட் ஏரி. அதுமட்டும் நிசம். தேங்காய் சிதறியது. இரவீந்திரன் தொப்பியைக் கழற்றிவிட்டு முகம் கழுவினான்.

அதன் கரையைப் பிடித்தே ஓட்டி, ஹொனபொஸ் பட்டினத்தில் நிறுத்தி, "இதுதான் லில்லஹாமர், மியோசா ஏரி இஞ்சையிருந்து கிட்டத்தான்" என்றார்.

"போர்ட்டில வேற பேரெல்லோ கிடக்கு?"

"அது பக்கத்து ஊருக்குப் போற வழியடாப்பா. நீ இடியப்பத்தைச் சாப்பிடு."

பிறகு அதே ஏரியின் மேற்குக் கரை. "மியோசா" என்றார் கூசாமல். "பார், அங்கை மலை இடப்பக்கம் இருந்தது, இஞ்சை வலப்பக்கம்." இரண்டாவது தேங்காயும் சிதறியது. அங்கேதான் இரவீந்திரன் தலையைத் தடவிப் பார்த்தான். மேப்பிள் இலை போட்ட சிவப்புத் தொப்பியைக் காணவில்லை.

மூன்றாவதுக்கு யோகராசா இன்னும் ஒரு புதுக் கரையைத் தேடித்தான் ஓட்டினார். பஸ்காரன் கை கேட்குமா? முதல் தரிப்பிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. "ரான்ட்ஸ்பியோர்ட்! இறங்குங்கோ."

தேங்காயை ஓங்கிய பூமணியின் கை அப்படியே நின்றது. "இஞ்சாருங்கோ, இஞ்சை ஆரோ எங்களுக்கு முதலே உடைச்சிருக்கினம். மஞ்சளும் பூசி!"

"தமிழன் போகாத இடம் எங்கையப்பா இருக்கு?"

"ஓமோம்" என்றான் இரவீந்திரன். "கனடாக்காரனும் வந்திருக்கிறான் போல." பக்கத்துப் பேர்ச் மரக்கிளையில் சிவப்புத் தொப்பி ஆடிக்கொண்டிருந்தது.

யோகராசா காரின் முன்மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தொடங்கினார். இரவீந்திரன் தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, அவர் தோளில் கைபோட்டான்.

"பயப்பிடாதேங்கோ அத்தான், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். கனடாவுக்கு வாற ஆக்களுக்கு நானும் அஞ்சு பெரிய ஏரி காட்டிறனான். அஞ்சும் என்ரை வீட்டுக்குப் பின்னாலதான்."

பூமணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். மூன்றாவது தேங்காயைப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப இது இரவைக்குச் சம்பலுக்கு. திருவிறது நீங்கள் ரெண்டு பேரும்."