ஆட்டைத்திவசத்துக்குப் போன சீன மேசை

மேசையைப் புலிப் படம் போட்ட போர்வையில் சுற்றுவதா, மயில் படம் போட்டதில் சுற்றுவதா என்பதை மூன்று இரவுகள் விவாதித்தோம். இரு தரப்பு வாதங்களும் பொறுமையாகக் கேட்கப்பட்டன. மயில் விருந்தினருக்கானது என்பதில் மாலதி அசையாமல் நின்றதால், வெள்ளிக்கிழமை இரவு புலி ஒருமனதாகத் தேர்வானது. இதே கவனத்தை மற்ற விஷயங்களிலும் செலுத்தியிருக்கலாம்.

பயணத்தின் காரணம் இது. சிட்னி பென்டில் ஹில்லில் என் நண்பர் குகனுக்கும் அவர் மனைவி மாலதிக்கும் அடுத்த வீட்டில் நெடுங்காலம் இருந்தவர்கள் லின் தம்பதியர். கணவர் சென்ற ஆண்டு காலமானார். லின் அன்ரி மெல்பேர்னில், கிளென் வேவர்லியில், மகள் கிரேஸோடு போய் இருந்துகொண்டார். சாமான் ஏற்றும் ஆட்களை நம்பாமல், ஆறடி நீளமான பூசை மேசையைக் குகனின் கராஜில் விட்டுப் போனார். அவருடைய மாமனாருக்கும், மாமனாரின் தகப்பனுக்கும் படையல் வைத்த மேசை அது. கணவரின் முதலாண்டுப் படையலும் அதிலேயே நடக்க வேண்டும் என்பதுதான் அவர் குகனிடம் கேட்ட ஒரே உதவி. முதலாண்டு நினைவு நாளை யாழ்ப்பாணத்தார் ஆட்டைத்திவசம் என்பார்கள். குகனுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. மேசை வந்து சேரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். நாள், ஞாயிற்றுக்கிழமை.

மதுரைக்காரனாகிய நான், மரச்சாமான்களைப் பற்றி நாலு புத்தகம் படித்தவன் என்ற தகுதியில் சேர்க்கப்பட்டேன்.

சனிக்கிழமை காலை 5.10க்கு நானும் குகனும் புறப்பட்டோம். வேன் வாடகை மூன்று நாளுக்கு 240 டாலர். மேசையை ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். ரோஸ்வுட் வகை மரம், இரும்புக் கனம். அதில் ஓர் ஆணி கிடையாது. காலின் தலையில் செதுக்கிய நாக்கு மேல்சட்டத்தின் துளைக்குள் போய் உட்காருகிறது. மேல்பலகை சட்டத்தின் பள்ளத்தில் சற்றே தளர்வாக விடப்பட்டிருக்கிறது. ஈரக்காற்றில் மரம் விரியவும் வறண்ட காற்றில் சுருங்கவும் இடம் வேண்டுமே. பலகைக்குக் கீழே ஓடும் முன்பட்டை நெடுக, செதுக்கிய மேகச் சுருள்கள். இதையெல்லாம் நான் நெடுஞ்சாலையில் விளக்கிக்கொண்டு வந்தேன்.

"எங்கட கட்டிலுக்கு இருபத்திநாலு நட்டுப் போட்டனான், அண்ணை. அதுவும் ஆடுது" என்றார் குகன்.

180 கிலோமீட்டரில் கோல்பர்ன். கயிற்றைச் சரிபார்க்கப் பின்கதவைத் திறந்தோம். புலியின் வாய் சிவந்திருந்தது. போர்வையை விலக்கினால், முன்பட்டையில் மூன்று பெரிய குங்குமப் பொட்டுகள். ஈரச் சந்தனத்தின் மேல் வைக்கப்பட்டவை. போர்வை உரசி உரசி மேகங்களுக்குள் பரவிக்கொண்டிருந்தன.

குகன் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?"

"சாமி மேசையெல்லோ. தூரப் பயணம். வெறுமனே அனுப்பேலுமே?" என்றார் மாலதி.

"திவசத்துக்குப் போற மேசைக்கு ஆரும் குங்குமம் வைப்பினமோ?"

"அவை சீன ஆக்கள்தானே. அவைக்குச் சிவப்பு நல்லதெண்டு நினைச்சன்."

நல்லதுதான், புத்தாண்டுக்கும் கல்யாணத்துக்கும். துக்க வீட்டில் சிவப்பை அவர்களும் விலக்குவார்கள் என்று நான் படித்திருந்தேன். அதை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. குகன் அதன் பிறகு மணிக்கு 90க்கு மேல் ஓட்டவில்லை.

"வெட் வைப்ஸ் வாங்குவம்" என்றார்.

"தொடாதீங்க, குகன். அந்தப் பளபளப்பு வார்னிஷ் இல்ல. மெழுகும் கையும் பட்டுப் பட்டு ரெண்டு மூணு தலைமுறையா வந்தது. அழுத்தித் துடைச்சா போயிடும், திரும்ப வராது. காயட்டும், அப்புறம் பிரஷ்ஷால தட்டிப் பார்ப்போம்."

"காய்ஞ்சால் பிடிச்சிடும், அண்ணை. எங்கட வீட்டில உடுப்புத் தோய்க்கிறது நான். குங்குமக் கறையைப் பற்றி உங்கட புத்தகத்தில இராது."

இராதுதான். 370ஆவது கிலோமீட்டரில், கண்டகாயில், அவர் இறங்கிப் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அதற்குப் பிறகு இரண்டு முறை சாலையோரத்தில் நிறுத்தி அதையே செய்தார். கறை ஒவ்வொரு முறையும் அங்கேயே இருந்தது.

பகல் 12.20க்கு ஆல்பரி. நான் கழிப்பறைக்குப் போய் வந்தபோது, குகன் வேனுக்குள் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் குழந்தைகளுக்கான வெட் வைப்ஸ் பாக்கெட், பாதி காலி. பொட்டுகள் போயிருந்தன. கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பும். கரைந்த சிவப்பு முழுவதும் மேகச் சுருள்களின் பள்ளங்களில் இறங்கியிருந்தது. செதுக்கு வேலையின் நுட்பம் இப்போது யாருக்கும் தூரத்திலிருந்தே தெரியும்.

"வடிவாத்தான் இருக்கு, என்ன?" என்றார் குகன்.

மாலை 5.05க்குக் கிளென் வேவர்லி. கிரேஸ், அவள் கணவர், நாங்கள் இருவர் என்று நாலு பேரும் சேர்ந்து இறக்கினோம். லின் அன்ரி கறுப்புக் கம்பளிச் சட்டையில் வாசலில் நின்றார். வரவேற்பறையில் ஒரு சுவர் காலியாக்கப்பட்டு, கணவரின் படம் மட்டும் மாட்டியிருந்தது. லின் அன்ரி குனிந்து, ஒரு மேகத்தின் வளைவில் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார்.

"குட் லக், அன்ரி. ஃபார் த ஜேர்னி" என்றார் குகன்.

தாயும் மகளும் தங்கள் மொழியில் நீண்ட நேரம் பேசினார்கள். பிறகு கிரேஸ் ஆங்கிலத்தில் சொன்னாள்: அம்மாவுக்குக் கோபமில்லை, ஆனால் துக்கம் முடியுமுன் அப்பாவின் முன்னால் சிவப்பை வைக்க முடியாது. வெள்ளைத் துணியால் மூடலாமா என்று குகன் கேட்டார். கிரேஸ் தாயிடம் கேட்டு வந்து, துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியுமாம் என்றாள்.

மேசையைக் கராஜில் வைத்தோம். குகன் பழைய டூத் பிரஷ் ஒன்றைக் கேட்டு வாங்கி, தரையில் உட்கார்ந்து மேகங்களைத் தேய்க்கத் தொடங்கினார். மூன்றாவது மேகத்தில் லின் அன்ரி வந்து பிரஷ்ஷைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "யூ டிரைவ் லாங். ஈட்" என்றார்.

இதே வழியில் பழைய மரச்சாமான் கொண்டுபோக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். ஒருவழித் தூரம் ஏறக்குறைய 880 கிலோமீட்டர், டீசல் 168 டாலர். இருவர் மாறி மாறி ஓட்டினால் நல்லது. பஞ்சு உதிரும் போர்வை வேண்டாம். துவைத்த பருத்தி விரிப்பு போதும். மேசையைக் காலைப் பிடித்துத் தூக்காமல் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். மேல்பலகை லேசாக ஆடினால் அது பழுதல்ல. பசை ஊற்ற வேண்டாம். ஈரம் எதுவும் படக் கூடாது. கறை பட்டுவிட்டால் துடைக்கத் தோன்றும், துடைக்காதீர்கள். ஒரு பொருளுக்கு மரியாதை செய்ய விரும்பினால், அது எந்தக் காரியத்துக்குப் போகிறது என்பதை அதன் வீட்டாரிடம் கேட்ட பிறகு செய்யுங்கள். ஒரு போன் அழைப்பில் தீரும் வேலை இது.

ஞாயிற்றுக்கிழமை காலை படையல், மடக்கு மேசையில் நடந்தது.