அன்வர் பாட்சாவின் தண்ணீர் கமிட்டி

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் எங்களுக்கு நேர் மேல்வீட்டில் இருந்த அன்வர் பாட்சாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ஃப்ரீவேயில் எல்லா வண்டியும் அவரைத் தாண்டித்தான் போகும். பார்க்கிங்கில் போலீஸ் வண்டி திரும்பினால் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவார். இப்பேர்ப்பட்டவர் 2004-ல் ஆப்கானிஸ்தானுக்குக் குழாய் போடப் போனார் என்றால் யார் நம்புவார்கள்? அவர் மனைவி மஹ்பூபா என் தோளில் சாய்ந்து அழுதபோதுதான் நானே நம்பினேன்.

அவர் தண்ணீர் இன்ஜினியர். சொந்த ஊர் வாணியம்பாடி. தமிழோடு உருதுவும் தண்ணீர்பட்ட பாடு. போரில் இடிந்த நாட்டைத் திரும்பக் கட்டுகிறோம் என்று அமெரிக்கா பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த காலம். பார்சிப்பனியிலிருந்த அவருடைய கம்பெனிக்கு, எல்லையோர மலைக் கிராமங்களுக்குக் குடிநீர் கொடுக்கும் வேலை கிடைத்தது. அந்தப் பக்கத்து ஆட்களில் நிறையப் பேர் பாகிஸ்தானில் அகதிகளாக இருந்து உருது கற்றவர்கள். அதனால் இவரைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

அங்கே அவர் பெருமைப்பட்டது கட்டின தண்ணீர் டாங்கைப் பற்றி அல்ல, கமிட்டியைப் பற்றி. ஒரே மலைச்சரிவில் மூன்று குலத்துக்காரர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு ஆம்பளை டாங்கடிக்கு வரவேண்டும், யாருக்கு எப்போது தண்ணீர் என்று பேசி முடிக்கவேண்டும், கூட்டம் நடக்காவிட்டால் பணம் வராது என்று இவர் ஒரு விதி போட்டார். முதலில் திட்டினார்கள். பிறகு முறைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்து வாயால் மட்டும் சண்டை போட்ட நாளைப் பற்றிச் சொல்லும்போது மனுஷர் முகத்தில் பயமே இருக்காது.

இரண்டு வருஷத்தில் நிலைமை மோசமாகி, கம்பெனி தன் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அதன் பிறகு வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து இங்கிருந்தே மேற்பார்வை. அங்கே மேஸ்திரியாக இருந்த கரீம்தாத்தோடு வாராவாரம் ஃபோனில் பேசுவார்.

எங்காத்துக்காரர் சிவராமகிருஷ்ணனுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் தோசைக்கு உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"எதுக்கு அன்வர், நம்ம ஆளுங்களை அனுப்பி, பைப் போட்டு, ஸ்கூல் கட்டி? ஆளில்லாத ப்ளேனை அனுப்பு. கெட்டவன் எவன்னு பாத்து மேலேருந்து ஒரு போடு போடு. நம்ம பக்கம் ஒரு உயிர் போகாது."

"கெட்டவன் எவன்னு மேலேருந்து எப்படி சிவா தெரியும்?"

"கேமரால கார் நம்பர் வரைக்கும் தெரியுமாம்!"

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவர் சொல்கிறார் இதை.

2008 இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு. அன்வர் பாட்சா தோசையைத் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்து என் கணவர் பக்கம் திருப்பினார்.

"சிவா, இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

மங்கலான ஒரு படம். எங்காத்துக்காரர் உற்சாகமாகக் குனிந்தார்.

"ஏதோ மலைக்காடு. நாப்பது பேர் இருக்கும், வட்டமா உக்காந்து மீட்டிங் போடறாங்க. பக்கத்துல ரெண்டு பிக்கப் டிரக். பின்னாடி நீட்டு நீட்டா... ராக்கெட்! இதைத்தான் நான் சொல்றேன். இப்ப ஒண்ணு போட்டா மொத்தமும் க்ளீன்."

"அது பிவிசி பைப், சிவா. இது என்னோட தண்ணி கமிட்டி."

கல்லில் தோசை கருகியது, நான் எழுந்திருக்கவில்லை.

"உங்களைச் சொல்லி என்ன? எனக்கே மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. நான் கட்டின டாங்க், நான் போட்ட ரூல். எனக்கே அடையாளம் தெரியலைன்னா மேலேருந்து பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டத்தின்மேல் குண்டு விழுந்து பத்து நாள்கூட ஆகவில்லையாம். வரும் வெள்ளிக்கிழமை கமிட்டி கூடவேண்டும். இது தண்ணீர் கமிட்டி என்று ராணுவத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி ஆஃபீஸில் கேட்டதற்கு, மேலே எழுதிக் கேட்கிறோம், பதில் வரட்டும் என்றார்களாம். பதில் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

"கரீமுக்கு ஃபோன் பண்ணி, யாரும் வரவேணாம்னு சொல்லப்போறேன்."

மஹ்பூபா எழுந்து அவர் கையைப் பிடித்தாள். "வேணாங்க. நம்ம பேரை வச்சுக்கிட்டு அந்த ஊருக்கு ஃபோன் பண்ணி, வெள்ளிக்கிழமை அந்த எடத்துல யாரும் இருக்காதீங்க, வண்டில ஒண்ணும் ஏத்தாதீங்கன்னு சொன்னா, ஒட்டுக்கேக்கறவன் என்னன்னு நெனைப்பான்? சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வேற வருது. ஆதிஃபையும் ரிதாவையும் வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

நான் பயந்தது அவர்களுக்காக மட்டுமில்லை. இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடக்கிறதே என்றும் பயந்தேன், பொய் சொல்வானேன். எங்காத்துக்காரர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"நான்தானே மஹ்பூபா அவங்களை அங்க உக்கார வச்சேன்?" என்றார் அன்வர் பாட்சா. எங்கள் ஃபோனை அவர் கேட்கவில்லை. தன் செல்லிலேயே நம்பரை அழுத்தினார். இரண்டாம் தடவைதான் லைன் கிடைத்தது.

ஸ்பீக்கரில் உருதுவில் பேச்சு. மஹ்பூபா என் காதோடு சொல்லிக்கொண்டே வந்தாள்.

"'நாப்பது பேரை ஒண்ணா உக்கார வைக்க எவ்ளோ பாடுபட்டோம் சாஹிப். ஒரு தடவை வராதேன்னு சொன்னா அப்புறம் எப்பவுமே வரமாட்டாங்க'ங்கறார், ஷ்யாமளா. 'தண்ணிக்குப் பழையபடி துப்பாக்கியைத்தான் தூக்குவாங்க'ங்கறார்."

கரீம்தாத் மறுபடி ஏதோ சொன்னார், கெஞ்சுகிற குரலில்.

"'நீங்க வந்து நடுவுல உக்காருங்க. அமெரிக்கா இன்ஜினியர் இருக்கற எடத்துல குண்டு போட மாட்டாங்க'..."

மஹ்பூபா அதோடு நிறுத்திவிட்டாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கணவரையே பார்த்தாள். அவரும் அவளையே பார்த்தார். பிறகு சொன்னதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, அந்த அளவு இந்தி எனக்கும் தெரியும். எனக்கும் பயமாக இருக்கிறது, கரீம் என்றார்.

கரீம்தாத் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தை ரிதாவுக்கு ஜுரம் விட்டதா என்று விசாரித்தாராம். வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டாராம்.

அந்த வாரம் முழுக்க, வாசலில் காலடிச் சத்தம் கேட்டாலே எனக்குத் தூக்கிவாரிப்போடும். யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு எங்காத்துக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை ஒண்ணும் ஆகலையே அன்வர்?"

"ஒண்ணும் ஆகல சிவா. யாருமே வரல. அடுத்த மாசமும் வரமாட்டாங்களாம். மூணு குலத்துக்காரங்களும் துப்பாக்கியோட டாங்கைக் காவல் காக்கறாங்களாம்."

சொல்லிவிட்டு அந்த மனுஷர் எங்கள் மேஜையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நாற்பது பேரும் உயிரோடுதானே இருக்கிறார்கள், உயிரோடுதானே இருக்கிறார்கள் என்று மஹ்பூபா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.