மதகு வரைக்கும் ஒரு ஓட்டம்

அத்தா சபரிலிருந்து லீவில் வந்திருந்த வருடம் நான் ஆறாம் வகுப்பு. எங்கள் பக்கம் அப்பாவுக்கு அத்தா என்றும் வளைகுடா வேலைக்குச் சபர் என்றும்தான் பெயர். வட்டார ஓட்டப் பந்தயத்துக்குப் பள்ளிக்கூடத்தில் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பயிற்சி முடிந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தவளைப் பார்த்து அத்தா பதறிவிட்டார்.

"சின்னப் புள்ள நெஞ்சு இது, எப்படித் தாங்கும்? பந்தயமெல்லாம் வேணாம்."

அழுதேன். சோறு வேண்டாம் என்றேன். அம்மாதான் வழி சொன்னாள். "நீங்களும் அவளோட ஓடிப் பாருங்க. தாங்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும்ல?"

மறுநாள் விடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் போனோம். கிளம்பும் முன் அத்தா, தான் கொண்டுவந்த ஆரஞ்சுப் பவுடரை ஒரு சொம்பு நிறையக் கரைத்துக் குடித்தார். உலகத்துத் தெம்பெல்லாம் அந்த டின்னில்தான் இருக்கிறது என்று சபராளி வீடுகளில் ஒரு நம்பிக்கை. எனக்கு ஒரு வாய் தரவில்லை மனுஷன்!

புங்கமரத்திலிருந்து மதகு வரை ஓட்டம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தா பறந்தார், ஜெயித்தும் விட்டார். ஆனால் மதகுக் கட்டையில் உட்கார்ந்து அவர் இரைத்துக்கொண்டிருந்தபோதே எனக்கு இரைப்பு அடங்கிவிட்டது.

"இன்னொரு தடவை ஓடலாமா அத்தா?"

இரண்டாவதில் நான் ஜெயித்தேன். மூன்றாவதில் அவர் பாதி வழியிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஆரஞ்சுத் தண்ணீர் முழுதும் வாய்க்காலுக்குப் போனது.

பிள்ளைகளின் தசைகள் சக்திக்குப் பெரும்பாலும் மூச்சுக்காற்றையே நம்புகின்றன என்று பிற்பாடு படித்தேன். காற்றுக்குக் காத்திராமல் சட்டென்று சக்தியைக் கறந்துகொள்வது பெரியவர்களின் உடம்புக்குத்தான் நன்றாக வரும். அதனால்தான் அவர்களுக்கு அந்த வேகம். களைப்பும் அவர்களுக்குத்தான் அதிகம். இதெல்லாம் அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

"ஓடட்டும் இந்தக் கழுதை," என்றார் அத்தா, வாயைத் துடைத்துக்கொண்டே. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பந்தயத்துக்கு முன்பே அவர் லீவு முடிந்துவிடும்.

அதன் பிறகு தினமும் காலையில் அவரே என்னை எழுப்பினார். தினமும் தோற்றார். சபருக்குத் திரும்பக் கிளம்பும் நாளன்று, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை," என்றார் அத்தா.

புங்கமரத்தடியிலிருந்து கிளம்பினோம். அன்றைக்கு நான் மெதுவாகத்தான் ஓடினேன். அவர் என்னைவிட மெதுவாக ஓடினார். மதகு வந்துவிடக்கூடாது என்று இரண்டு பேருக்கும் இருந்தது.